சதை பிடித்த அன்றே எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள்

கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் வெட்டுகிறவர்களுக்கு ரப்பர்க் காய் வெடிக்கிற சத்தம் பழக்கமானது. வெயில் ஏறியதும் படார் என்று வெடித்துக் கொட்டை எங்கேயாவது போய் விழும், சில நேரம் நம் முதுகிலேயே விழும். அதனால் அன்று பால் வாளியோடு கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு ஏறக் காலை ஊன்றியபோது இடது ஆடுசதையில் சுளீரென்று ஏதோ பட்டதும் ரப்பர் கொட்டைதான் என்று திரும்பிப் பார்த்தேன். கொட்டையும் இல்லை, ஆளும் இல்லை. அடுத்த அடி வைத்தபோதுதான் கண்ணில் பூச்சி பறந்தது.

ஆடுசதை கிழிந்தால் பலருக்கும் இப்படித்தான் இருக்குமாம், பின்னாலிருந்து யாரோ கல்லெறிந்த மாதிரி. நாற்பது தாண்டியவர்களுக்கும் வழுக்கலில் மேடு ஏறுகிறவர்களுக்கும்தான் இது அதிகம் வரும், ரெண்டுமே நான். அதற்கப்புறம் செய்யக்கூடாததை எல்லாம் ஒன்று விடாமல் செய்தேன்.

வாளியை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. இன்னும் அறுபது மரம் பாக்கி, விட்டால் சிரட்டையிலேயே உறைந்து ஒட்டுப்பாலாகிவிடும், ஒட்டுப்பாலுக்கு, தகடாக அடித்துக் காயவைத்த ரப்பர் ஷீட்டு விலை கிடைக்காதே என்ற கணக்கு. சதையில் கொஞ்சம் நார் மட்டும் அறுந்திருக்கும்போது அதன்மேல் பாரம் ஏற்றி மேலும் கீழும் நடந்தால் பக்கத்து நாரும் அறும். அறுபது மரத்துப் பாலுக்காக ஒன்றரை மாசக் கூலியை விட்டேன் என்று இப்போது சொல்வது சுலபம், அன்றைக்கு அந்தக் கணக்கு வரவில்லை.

நடுவில் காலை நீட்டிப் பாதத்தை முன்னால் இழுத்தும் பார்த்தேன். ராத்திரி குரக்குவலி வந்தால் அப்படி இழுத்தால்தானே விடும். ஆனால் குரக்குவலி என்பது சதை சுருங்கி விட மறுப்பது, இழுத்தால் இளகும். கிழிந்த சதையை இழுத்தால் கிழிசல்தான் பெரிதாகும். இழுக்கும்போது சுகமாக இல்லாமல் குத்தினால் அங்கேயே நிறுத்துங்கள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான், முறிவெண்ணெயைச் சூடாக்கி முழங்காலிலிருந்து கணுக்கால்வரை வழித்து விட்டார்கள். இதைத்தான் பெரிய தவறு என்பேன். சதை கிழிந்தால் உள்ளே சின்ன ரத்தக் குழாய்களும் கிழிந்து கசியும். அது அடைபட்டு நிற்க ரெண்டு மூன்று நாளாகும். அந்த நேரத்தில் கட்டைவிரலால் அழுத்தி வழித்தால், சூடு வேறு வைத்தால், நின்ற கசிவு மறுபடி தொடங்கும். எனக்கு மறுநாள் காலையில் கணுக்கால்வரை கறுப்பும் நீலமுமாக இறங்கியிருந்தது. ‘கெட்ட ரத்தம் வெளியே வருது’ என்றார்கள். கெட்டதும் இல்லை, வெளியேயும் வரவில்லை. தொடையில் பலமாக அடிபட்டு அதை உடனே போட்டுத் தேய்த்தால் சில பேருக்குச் சதைக்குள்ளேயே எலும்பு மாதிரிக் கட்டியாகிவிடுவதும் உண்டு.

இதை எழுதினால், உடம்பின் வர்ம இடங்களைத் தொட்டுப் பார்க்கிற வர்ம வைத்தியத்தைக் குறை சொல்கிறான் என்று சண்டைக்கு வருவீர்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று கணக்கு வைத்திருக்கிற ஊர் இது, எனக்கும் அதில் மரியாதை உண்டு. எங்கள் பக்கத்து வர்ம ஆசான் ஒருவர் என் காலைப் பார்த்ததும் கையே வைக்கவில்லை. “நீரு வத்தட்டும் மக்களே, பொறவு வா” என்று அனுப்பிவிட்டார். தெரிந்தவர் தொடமாட்டார். பார்த்த உடனே தொடுகிறவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும். தடவல், நொச்சியிலை வெந்நீர், கிழி ஒத்தடம் எல்லாம் மூன்று நாலு நாள் கழித்து, வீக்கம் வற்றிய பிறகு, மெதுவாக.

அப்போ முதல் நாள் என்ன செய்ய? துணியில் சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்கு 15, 20 நிமிஷம், ரெண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. மேலே கிரேப் பேண்டேஜ், கால்விரல் பக்கமிருந்து மேல்நோக்கிச் சுற்றவும். விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ அவிழ்த்துக் கட்டவும். உட்காரும்போது, படுக்கும்போது காலைத் தலையணைமேல் தூக்கி வைக்கவும். மீன்பிடி ஊர்களான முட்டத்திலும் குளச்சலிலும் ஐஸுக்குப் பஞ்சமில்லை என்று மீன்பெட்டி ஐஸிலேயே காலைப் புதைத்து வைக்கிறார்கள், தோல் வெந்துவிடும். ஐஸ் வலியைத்தான் குறைக்கும், கிழிந்ததை ஒட்டவைக்காது. 1978-ல் ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைப்பது என்ற நாலையும் ஒன்றாகச் சொன்ன அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே பிற்பாடு ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று மாற்றிச் சொன்னார். ஆக ஒன்றிரண்டு நாள் போதும். சாயங்காலம் வலிக்கு என்று ஊற்றிக்கொள்வது வேண்டவே வேண்டாம், வீக்கமும் கூடும், தள்ளாடி மறுபடி காலை மடக்கவும் செய்வீர்கள்.

‘ஒரு ஊசி போட்டா நாளைக்கு ஏறிரலாம்’ என்பது அடுத்தது. டைக்ளோஃபெனாக் ஊசியோ மாத்திரையோ வலியை அடக்கும், சதை அப்படியேதான் இருக்கும். வலி என்ற காவல்காரனைத் தூங்கவைத்துவிட்டு வேலைக்குப் போகிறோம். விடியுமுன்னே கட்டன் சாயா, அதாவது பால் விடாத டீ மட்டும் குடித்துவிட்டு வெறும் வயிற்றில் இந்த மாத்திரையைப் போட்டால் வயிறு புண்ணாகும். வேர்த்துக் கொட்டி உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கையில் கிட்னிக்கும் கெடுதல். பிரஷர், சுகர், கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. கடையில் தந்ததும் ஆஸ்பத்திரியில் தந்ததும் வேறு வேறு பெயரில் ஒரே மருந்தாக இருக்கும், சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறை என் மச்சான் செய்தார். கரையில் நின்று கரைமடி வலை இழுக்கையில் இடுப்புப் பிடித்தது, மூன்று வாரம் பாயைவிட்டு எழவில்லை. எழுந்தபோது இடுப்பு வலி போய்க் கால் இரண்டும் தளர்ந்திருந்தது. இடுப்புப் பிடிப்புக்கு ஒன்றிரண்டு நாளுக்குமேல் படுக்கை கூடாது, வலி தாங்குகிற அளவு வீட்டுக்குள் நடக்கவேண்டும். ஆடுசதைக்கும் அப்படித்தான், மூன்றாம் நாளிலிருந்து பாதத்தை மெதுவாக மேலும் கீழும் அசைக்கலாம், பிறகு சுவரைப் பிடித்து இரண்டு குதிகாலையும் தூக்கி இறக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போக முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், 2021-லிருந்து, வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். கிராம சுகாதார நர்ஸிடம் கேளுங்கள்.

வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாதவையும் உண்டு. அறுந்த சத்தம் கேட்டது, சதையில் விரல் பதிகிற பள்ளம், நாலடி நடக்க முடியாத வலி, குதிகாலைத் தூக்கவே முடியவில்லை என்றால் அன்றே எலும்பு டாக்டரிடம் போகவேண்டும். கால் கல் மாதிரி இறுகி வலி நேரத்துக்கு நேரம் கூடினாலும், சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போனாலும், இடுப்புப் பிடிப்போடு சிறுநீர் அடைத்தாலோ தொடையிடுக்கு மரத்தாலோ ராத்திரி என்றும் பார்க்காமல் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜோ பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியோ, 108-ஐக் கூப்பிட்டாவது போய்ச் சேருங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்து கெண்டைக்கால் புதிதாக வீங்கிச் சுட்டால் ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம், அதையும் தேய்க்கக் கூடாது.

கடைசித் தவறு, வலி போன அன்றே வேலைக்குப் போவது. லேசான கிழிசல் ரெண்டு மூன்று வாரம், நடுத்தரம் நாலிலிருந்து எட்டு வாரம், முழுசாக அறுந்தால் மாசக் கணக்கு. முற்றத்தில் வலிக்காமல் நடந்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை, மலைச்சரிவு முற்றம் இல்லை. கெட்ட காலில் மட்டும் நின்று, நல்ல கால் எத்தனை தடவை குதிகாலைத் தூக்குகிறதோ கிட்டத்தட்ட அத்தனை தூக்கவேண்டும். அப்புறம் வெறுங்கையோடு சரிவு இறங்கிப் பார்க்கவேண்டும், ஏறுவதைவிட இறங்குவதில்தான் தெரியும். அதுவரை கூட வெட்டுகிறவரோடு பேசிச் சமதரைப் பாத்தியை வாங்கிக்கொள்ளலாம், ஷீட்டு அடிக்கிற மெஷினைச் சுற்றலாம். நான் ஐந்தாவது வாரம் சுற்றினேன், கூலி பாதிதான். ஏழாவது வாரம் அதே சரிவில் வாளியில் பாதிப் பாலோடு ஏறினேன். தலைக்குமேல் ஒரு காய் வெடித்தது, காலைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தேன்.