இரண்டாவது கியரும் தப்பான ஆயிலும்

மார்கழிக் காலையில் மட்டும் இரண்டாவது கியர் கரகரவென்று இழுத்து, விழவே மாட்டேன் என்றது. மியான்மரின் யாங்கூனில் அது ஒன்றும் பெரிய குளிர் இல்லை. பத்து நிமிடம் ஓடினால் சரியாகிவிடும். கார், 1990களின் ஜப்பான் வண்டி; 1970 முதல் சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் வலப்பக்க ஸ்டீயரிங்.

கிளச் கேபிளைச் சரிசெய்தேன். மாறவில்லை. கிளச் பிளேட்டையே மாற்றினேன். நாலு நாளும் காசும் போனதுதான் மிச்சம். அப்புறம்தான் போன வருடம் கியர்பாக்ஸில் ஊற்றியதில் மிஞ்சிய ஆயில் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன்: தரம் ஜிஎல்-5. கையேட்டில் இருந்ததோ கெட்டித்தன்மை 75டபிள்யூ-90, தரம் ஜிஎல்-4. கியர் விழும்முன் சுழலும் பாகங்களின் வேகத்தைச் சமன் செய்கிற பித்தளை வளையம்தான் சின்க்ரோ; அது பிடிக்கக் கொஞ்சம் உராய்வு வேண்டும். ஜிஎல்-5 ஆயிலில் வழுக்கல் அதிகம்.

வண்டியை ஸ்டாண்டில் மட்டமாக நிறுத்தி, ஊற்றுகிற பிளக்கை முதலில் கழற்றினேன்.

"கீழேதானே முதல்ல, தம்பி?" என்றார் பக்கத்து வீட்டு மாமா.

"இது துருப்பிடிச்சு வரலைன்னா, வடிச்ச வண்டியை நகர்த்த முடியாது மாமா."

டிரெயின் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை, அது வழக்கம்தான். ஆனால் ஆயிலில் பித்தளைத் தூள் மினுங்கியது. புது வாஷர் போட்டு, ஜிஎல்-4 ஆயிலை ஓட்டை விளிம்பில் வழியும்வரை ஊற்றினேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு இரண்டாவது கியர் சத்தமில்லாமல் விழுந்தது.