பழைய பொம்மையிலிருந்து புதிய இசைக்கருவி

பாட்டுப் பாடும் பழைய பேட்டரி பொம்மை வீட்டில் கிடக்கிறதா? எறிந்துவிடாதீர்கள். பின்மூடியைத் திறந்தால் சர்க்யூட் பலகையில் பெரும்பாலும் கறுப்புப் பொட்டு போல ஒன்று தெரியும்; அதுதான் சிப். பொம்மை பாடும்போதே விரலை லேசாக ஈரமாக்கி, அருகிலுள்ள ரெசிஸ்டர்களின் (மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சிறு பாகங்கள்) இரு முனைகளையும் சேர்த்துத் தொட்டுப் பாருங்கள். எதைத் தொட்டால் சுருதி ஏறுகிறதோ, வேகம் அதன் கையில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, குமிழைத் திருப்பி மின்தடையைக் கூட்டிக் குறைக்க உதவும் 1 மெகாஓம் பொட்டென்ஷியோமீட்டரை அந்த இடத்தில் சால்டர் செய்யுங்கள். குமிழைத் திருப்பத் திருப்ப, கீச்சிட்ட வாத்து எருமைக் குரலில் உறுமும்!

கூடவே, பழைய ரெசிஸ்டரில் பாதி மதிப்புள்ள ஒன்றைத் தொடராக இணைப்பது நல்லது. இல்லையென்றால் குமிழ் கடைசிக்குப் போகும்போது சிப் திணறி நின்றுவிடும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

'சர்க்யூட் பெண்டிங்' எனப்படும் இந்தக் கலைக்கு முன்னோடி, அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த ரீட் கசாலா. 1966இல் மேசை இழுப்பறைக்குள் ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயர் உலோகத்தில் பட்டு ஷார்ட் ஆகி விநோதமாக ஒலித்ததுதான் தொடக்கம்.

பேட்டரியில் ஓடுபவற்றை மட்டுமே திறவுங்கள். பிளக்கில் செருகும் எதிலும் இந்த விளையாட்டு வேண்டாம். அது உயிரை வாங்கிவிடும்.