மழை பெய்ததா, சொல்ல முடியாதா?
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தேர்வில் வரும் தர்க்கக் கேள்விகளைச் சொல்லித்தரும்போது நான் முதலில் தரும் வாக்கியம் இதுதான்: 'காலையில் மழை பெய்தால் அன்று பால்வெட்டு இல்லை.' மழை விட்டதும் வெட்டப் போவார்களே என்று உடனே கேட்பார்கள், நியாயமான கேள்விதான், ஆனால் தேர்வில் நமக்குத் தெரிந்ததைச் சேர்க்கக் கூடாது, கொடுத்ததை மட்டும் உண்மையென்று வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, இன்று பால்வெட்டு இல்லை. காலையில் மழையா? 'ஆமாம்' என்று எழுதினால் தவறு. பொது விடுமுறையாக இருக்கலாம், மரம் இலையுதிர்க்கும் காலமாக இருக்கலாம். விடை, 'சொல்ல முடியாது'. இப்போது திருப்பிப் போடுங்கள்: இன்று பால்வெட்டு நடந்தது. அப்படியென்றால் காலையில் மழை இல்லை, இது உறுதி. இந்த வித்தியாசம் பிடிபடும் வரை அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள்.

அப்புறம் கேள்வியில் 'எல்லா', 'சில' வந்தால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வட்டம் போடுங்கள், ஆங்கிலேயத் தர்க்கவியலாளர் ஜான் வென் 1880இல் எழுதிக் காட்டிய முறைதான். எல்லாக் கங்காணிகளும் தொழிலாளர்கள், சில தொழிலாளர்கள் லோரி ஓட்டுகிறார்கள். கங்காணிகளில் யாராவது லோரி ஓட்டுகிறார்களா? லோரி வட்டம் கங்காணி வட்டத்தைத் தொடாமலும் வரையலாம், தொட்டும் வரையலாம். இரண்டும் பொருந்தினால் 'சொல்ல முடியாது' என்று தயங்காமல் குறியுங்கள்.