சென்னையில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிச் சிக்கினால்: புதிதாக வருபவர்களுக்கு

கொழும்பிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ டொரண்டோவிலிருந்தோ சென்னைக்குக் குடிவருகிறவர்கள் வாடகை ஒப்பந்தம், கேஸ் இணைப்பு, பிள்ளைகளின் பள்ளி என்று எல்லாவற்றையும் விசாரித்துக்கொள்கிறார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் இங்கே என்ன ஆகும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் ஒரு பக்கம். தங்கள் ஊர்க் கணக்கு இங்கேயும் செல்லும் என்ற நம்பிக்கை இன்னொரு பக்கம்.

அந்தக் கணக்கு இங்கே செல்லாது. சிங்கப்பூரிலும் இங்கிலாந்திலும் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் என்பது எல்லை. கனடாவின் குற்றவியல் சட்டத்திலும் அதே 80. மலேசியா 2020-இல் 80-இலிருந்து 50-க்கு இறக்கியது. இந்தியாவில், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவின்படி எல்லை 30.

முப்பது என்பது எவ்வளவு? டாஸ்மாக் கடைகளில் விற்கும் 650 மில்லி பீர் பாட்டில் ஒன்றை, 70 கிலோ எடையுள்ள ஒருவர் வெறும் வயிற்றில் சீக்கிரம் குடித்து முடித்தால் ஏறத்தாழ 50-ஐத் தொடுவார். 180 மில்லி பிராந்தி குடித்தால் நூறைத் தாண்டிவிடுவார். பெண்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் இதே அளவில் எண் இன்னும் மேலே போகும். உடல் மணிக்குச் சுமார் 15 முதல் 20 மில்லிகிராம் வரைதான் குறைக்கும். மோரும் எலுமிச்சைச் சாறும் கறுப்புக் காபியும் வாசனையை வேண்டுமானால் மாற்றும், எண்ணை மாற்றாது. நள்ளிரவில் 150-இல் படுத்தவர் காலை ஏழு மணிக்குப் பிள்ளையைப் பள்ளியில் விடக் காரை எடுக்கும்போதும் எல்லைக்கு மேலேயே இருக்கக்கூடும்.

சோதனையில் நிறுத்தும்போது

வார இறுதி இரவுகளில் அண்ணா சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலை, ராஜீவ் காந்தி சாலைப் பக்கம் தடுப்புகளை வைத்து ஒரே ஒரு வண்டி நுழையும் அளவுக்கு வழியைக் குறுக்கியிருப்பார்கள். டிசம்பர் 31 இரவில் மேம்பாலங்களையே மூடிவிடுவார்கள். கண்ணாடியை இறக்கச் சொல்லி, பெயர், எங்கிருந்து வருகிறீர்கள் என்று இரண்டு கேள்வி. பதிலைவிட அதைச் சொல்லும் மூச்சைத்தான் கவனிப்பார்கள். சந்தேகம் வந்தால் கருவி வரும். "ஊதுங்கள் சார், நிறுத்தாமல் ஊதுங்கள்" என்பார்கள். பாதியில் மூச்சை விட்டால் மறுபடி ஊத வேண்டும்.

சோதனையைக் கேட்கும் அதிகாரம் சீருடையில் இருக்கும் காவலருக்கும் மோட்டார் வாகனத் துறை அதிகாரிக்கும் உண்டு. உங்களுக்கும் கேட்க வேண்டியவை சில உண்டு. ஊதும் குழாய் புதிதா என்று கேளுங்கள். ஊதுவதற்கு முன் கருவி பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். உங்களுக்கு முன் ஊதியவரின் மூச்சு கருவியில் தங்கியிருந்தால் அது உங்கள் கணக்கில் ஏறும். ஒவ்வொரு சோதனைக்கும் முன் இந்த வெற்றுக் காற்றுச் சோதனை முக்கியம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2025-இல் சொல்லியிருக்கிறது. அப்போதுதான் வாய் கொப்பளிக்கும் திரவமோ ஆல்கஹால் கலந்த இருமல் மருந்தோ பயன்படுத்தியிருந்தால் உடனே சொல்லிவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுசோதனை கேளுங்கள். வாயில் மட்டும் இருந்த ஆல்கஹால் அதற்குள் போய்விடும், வயிற்றுக்குள் போனது போகாது. கருவி அச்சிட்டுத் தரும் சீட்டில் நேரம், தேதி, அளவு மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊத மாட்டேன் என்பது கெட்டிக்காரத்தனம் இல்லை. மறுப்பவரைச் சந்தேகத்தின் பேரில் பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம் என்று 203-ஆவது பிரிவு சொல்கிறது. தகுந்த காரணமின்றி மறுத்ததை நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகவும் வைக்கலாம். அதைவிட மோசம், "நான் யார் தெரியுமா" என்று ஆரம்பிப்பது. காவலரைத் தள்ளிவிட்டால், அதுவரை ஜாமீனில் விடக்கூடியதாக இருந்த வழக்கோடு ஜாமீனில் விட முடியாத பிரிவு ஒன்றும் சேரும். பணம் நீட்டுவதும் அப்படித்தான். 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு, லஞ்சம் கொடுக்கிறவரும் குற்றவாளியே.

இன்னொரு காட்சியையும் பார்ப்பீர்கள். தடுப்புக்கு முப்பது அடி முன்பே ஸ்கூட்டரை அணைத்து, பஞ்சர் ஆனதுபோல் தலை குனிந்து உருட்டிக்கொண்டு வருவார்கள். சட்டம் "ஓட்டுவது அல்லது ஓட்ட முயல்வது" என்கிறது. உருட்டுவது ஓட்டுவதா என்று வாதாடலாம். ஆனால் நீங்கள் ஓட்டிவந்து இறங்கியதைப் பார்த்த காவலரே அங்கே சாட்சி.

வண்டியைப் பெரும்பாலும் நிலையத்துக்குக் கொண்டுபோவார்கள். குடிக்காத, லைசென்ஸ் உள்ள ஒருவர் கூட இருந்தால் அவரிடம் ஒப்படைக்கும்படி கேளுங்கள். அப்படி ஒப்படைக்க வேண்டும் என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-இல் கூறியது. தமிழ்நாட்டுக் காவல்துறையை அது கட்டுப்படுத்தாது, இருந்தும் பணிவாகக் கேட்பதில் நட்டமில்லை. எதை எடுத்துக்கொண்டாலும், லைசென்ஸ் உட்பட, ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

பின்னால் உட்கார்ந்திருக்கும் நண்பரும் தப்பியதாக நினைக்க வேண்டாம். குற்றத்துக்குத் துணைபோனவருக்கும் அதே தண்டனை என்கிறது 188-ஆவது பிரிவு. ஓட்டுபவர் குடித்திருப்பது தெரிந்தே உடன் வந்தவர்கள் மீதும் இதைப் பயன்படுத்தப்போவதாகச் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2022-இல் அறிவித்தது.

பத்தாயிரம் என்பது அபராதம் மட்டுமல்ல

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். தலைக்கவசம் போடாததற்குச் செலான் கட்டுவதுபோல இதையும் கட்டிவிட்டுப் போய்விடலாம் என்று நினைக்கிறார்கள். இந்த வழக்கைச் சாலையில் காவலரிடம் கட்டி முடிக்க முடியாது, நீதிமன்றம் வழியாகத்தான் முடிக்க முடியும். முதல் முறை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறைகளில் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். 2019-இல் வந்த திருத்தம் இது. அதற்கு முன் "இரண்டாயிரம் வரை" என்றிருந்த அபராதம் இப்போது "பத்தாயிரம்" என்றே இருக்கிறது, "வரை" இல்லை. ஆகவே நீதிமன்ற வாசலில் "ஆறாயிரத்தில் முடித்துத் தருகிறேன்" என்று யாராவது நெருங்கினால், அவர் முடிப்பது உங்கள் ஆறாயிரத்தை மட்டும்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டினால் அது குற்றத் தீர்ப்பு. தீர்ப்பு வந்தால் லைசென்ஸ் தகுதிநீக்கமும் கூடவே வரும்: 20-ஆவது பிரிவின்படி குறைந்தது ஆறு மாதம். அது போக, காவலர் அனுப்பும் லைசென்ஸின் மீது வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் தனியாக நடவடிக்கை எடுக்கலாம். அந்த அலுவலகம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினால் பதில் எழுதுங்கள். பலர் அதைப் பிரிக்காமலே வைத்துவிட்டு, பிறகு லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி இரண்டாவது வழக்கில் விழுகிறார்கள்.

பணம் கட்டாமல் இழுத்தடிப்பதும் பழைய கதை. இப்போது போனில் அழைத்துக் கேட்கிறார்கள். அதற்கும் அசையாதவர்களின் அசையும் சொத்தைப் பறிமுதல் செய்ய நீதிமன்ற ஆணை வாங்குகிறார்கள்.

எதிர்த்து வாதாடலாமா

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். குடித்திருந்தீர்கள், கருவி 90 காட்டியது, சீட்டு இருக்கிறது என்றால், வழக்கறிஞர் கட்டணமே அபராதத்தைத் தாண்டிவிடும். ஒப்புக்கொண்டு முடிப்பதே நல்லது. குடிக்கவே இல்லை, அல்லது எண் எல்லையை ஒட்டி நிற்கிறது, அல்லது ஊதவைக்காமலே எழுதிவிட்டார்கள் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒப்புக்கொண்ட பிறகு தீர்ப்பே தவறு என்று மேல்முறையீட்டுக்குப் போகும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

வெறும் வாசனையை வைத்து, தள்ளாடினார், கண் சிவந்திருந்தது என்று எழுதுவது மட்டும் போதாது என்று 1971-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. 185-ஆவது பிரிவுக்கு அளவு தேவை. அளவைக் காட்டும் கருவி முறையாகத் தரம் பார்க்கப்பட்டதா, சீட்டில் உள்ள நேரமும் வழக்கில் எழுதிய நேரமும் ஒத்துப்போகின்றனவா, ஓட்டியது நீங்கள்தான் என்பதற்கு என்ன சான்று: வழக்கறிஞர் பிடிக்கும் இடங்கள் இவை.

இரண்டு மணி நேரக் கதை ஒன்று காற்றுவாக்கில் உலவுகிறது. கைதாகி இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்காவிட்டால் வழக்கே செல்லாது என்பார்கள். சட்டம் சொல்வது, அப்படி நடக்காவிட்டால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது. விடுவிப்பது வேறு, வழக்குத் தள்ளுபடி ஆவது வேறு. ஆனாலும் கைதான நேரத்தைக் குறித்துவையுங்கள், கருவியை நம்பாவிட்டால் ரத்தப் பரிசோதனையை நீங்களே கேளுங்கள். குடிக்காதவருக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பெண்ணிடம் ஆண் மருத்துவர் ரத்தம் எடுத்தால் இன்னொரு பெண் உடன் இருக்க வேண்டும் என்பதும் சட்டம்.

"கொஞ்சம்தான் குடித்தேன்", "வீடு அடுத்த தெருதான்", "எங்கள் ஊரில் இது குற்றமில்லை" ஆகிய மூன்றும் எந்த நீதிமன்றத்திலும் எடுபடாது.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லாவிட்டால் சட்டப் பணிகள் ஆணைக் குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தால்

சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஓராண்டுக்கு மட்டுமே, அதுவும் உங்கள் ஊர் லைசென்ஸோடு சேர்த்துத்தான். காலாவதியான அனுமதியோடு குடித்துவிட்டுச் சிக்கினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கும் தனி வழக்கு. கைதானால் உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்க உரிமை இருக்கிறது. இலங்கைத் துணைத் தூதரகமும் மலேசிய, சிங்கப்பூர்த் துணைத் தூதரகங்களும் சென்னையிலேயே இருக்கின்றன. அவர்கள் அபராதம் கட்ட மாட்டார்கள், வழக்கறிஞர் பட்டியல் தருவார்கள்.

கனடாவில் நிரந்தர வதிவுரிமை மட்டும் உள்ளவர்கள், குடியுரிமை வாங்காதவர்கள், இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். 2018 டிசம்பரிலிருந்து போதையில் ஓட்டுவதை அந்த நாடு கடுமையான குற்றங்களின் வரிசையில் வைத்திருக்கிறது. இங்கே வாங்கும் தீர்ப்பு அங்கே வதிவுரிமையைக் கேள்விக்குள்ளாக்கலாம். அவர்கள் எல்லை 80 என்பதால், உங்கள் சீட்டில் 45 என்றிருக்கிறதா 120 என்றிருக்கிறதா என்பது பிற்பாடு பெரிய விஷயமாகும். அந்தத் தாளைத் தொலைக்காதீர்கள். ஒப்புக்கொள்வதற்கு முன் அங்குள்ள குடிவரவு வழக்கறிஞரையும் ஒருமுறை கேளுங்கள்.

ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருப்பவர்களுக்கு முதல் வழக்கால் அட்டை போகாது. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றால், அல்லது ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலானால் அட்டையை ரத்து செய்யலாம் என்று 2025 ஆகஸ்டில் மத்திய உள்துறை அறிவித்தது. விபத்தில் உயிர் போனால் அந்தக் கதவு திறந்துவிடும். கவனக்குறைவால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவில் ஐந்து ஆண்டு வரை. கொலைக்குச் சமமாகாத மரணம் விளைவித்தல் என்று போட்டால் பத்து ஆண்டு வரை. 1999-இல் ஆறு பேர் இறந்த டெல்லி பி.எம்.டபிள்யூ வழக்கிலும், 2006-இல் ஏழு பேர் இறந்த மும்பை கார்ட்டர் ரோடு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் 2012-இல் இரண்டாவது வகையைத்தான் உறுதி செய்தது.

காப்பீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. போதையில் ஓட்டி இடித்தால் சொந்த வண்டியின் சேதத்துக்குக் காப்பீடு கிடைக்காது. மூச்சுச் சோதனையோ ரத்தச் சோதனையோ இல்லாவிட்டாலும், சூழ்நிலைச் சான்றுகளை வைத்தே நிறுவனம் மறுக்கலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்ற வழக்கில் அளவு நிரூபிக்கப்படாமல் தப்பியவர்கள் இங்கே மாட்டுவார்கள்.

வீடு திரும்ப

மெட்ரோ இரவு பதினொரு மணி வாக்கில் நின்றுவிடும். அதன் பிறகு ஆட்டோ, வாடகைக் கார். சொந்தக் காரை விட்டுவர மனமில்லாதவர்களுக்குச் சென்னையில் ஆக்டிங் டிரைவர் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது: மணிக்கணக்குக்கு வந்து உங்கள் காரை உங்கள் வீட்டில் விட்டுப் போவார்கள். நள்ளிரவுக்கு மேல் படி கூடக் கேட்பார்கள், கொடுக்கலாம். விருந்துக்குக் கிளம்பும்போதே பேசி வைத்துவிடுங்கள், பத்து மணிக்குத் தேடினால் ஆள் கிடைப்பது கடினம். சாவியைக் கொடுக்கும் முன் அவரது லைசென்ஸை வாங்கிப் பாருங்கள். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால், மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்று வண்டிக்காரர் மீதே வழக்கு வரும்.