பாதுகாப்பு உத்தரவு கேட்டு கோர்ட்டுக்குப் போகும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் அடி விழுந்தால் நம் ஊரில் பெண்கள் முதலில் போவது அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு. அங்கே புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பார்கள். கணவனை வரவழைத்து, ‘இனிமேல் அடிக்க மாட்டேன்’ என்று எழுதி வாங்கி, இரண்டு பேரையும் சேர்த்தே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தத் தாளை மீறினால் அதற்கென்று தனித் தண்டனை எதுவும் கிடையாது. குடும்ப வன்முறைச் சட்டம், 2005-ன்படி நடுவர் நீதிமன்றம் (மாஜிஸ்திரேட் கோர்ட்) தரும் பாதுகாப்பு உத்தரவு அப்படியல்ல. அதை மீறுவதே ஒரு குற்றம். ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீன் தானாகக் கிடைக்காத பிரிவு.

ஸ்டேஷனில் எழுதி வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு. ஸ்டேஷனுக்குப் போகக் கூடாது என்று சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் 112, இல்லாவிட்டால் பெண்கள் உதவி எண்ணான 181-ஐ உடனே அழையுங்கள். கிரிமினல் வழக்கும் பாதுகாப்பு உத்தரவு கேட்கும் இந்த மனுவும் ஒரே நேரத்தில் நடக்கலாம். ‘அவரை ஜெயிலுக்கு அனுப்ப மனசில்லை, அடிக்காமல் இருந்தால் போதும்’ என்று தயங்கும் பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இந்த மனு யாரையும் சிறைக்கு அனுப்பச் சொல்லிப் போடுவதல்ல. உத்தரவை மீறினால்தான் தண்டனை என்ற பேச்சே வரும். மனைவிக்கு மட்டுமான சட்டமும் அல்ல இது. மகனிடம் அடிபடும் தாய், அண்ணன் வீட்டில் கொடுமைப்படும் தங்கை, புகுந்த வீட்டில் இருக்கும் விதவை ஆகியோரும் மனு போடலாம்.

தேவையில்லாமல் காத்திருப்பது அடுத்த தவறு. மாவட்டத்துக்கு மாவட்டம் சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். நடந்ததை எழுதி வாங்கி கோர்ட்டுக்கு அறிக்கை அனுப்புவது அவர் வேலை, அதற்குப் பணம் கிடையாது. ஆனால் அந்த அறிக்கை வந்தால்தான் மனுவை எடுக்க வேண்டும் என்றில்லை, நேரடியாகவும் போடலாம். 2022-ல் பிரபா தியாகி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ‘சம்பவம் நடந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது, இனி முடியாது’ என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். அதே ஆண்டில், தமிழ்நாட்டிலிருந்து போன காமாட்சி என்பவரின் வழக்கில், இந்த மனுவுக்கு அந்த ஒரு வருடக் கெடு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணவன் ஊர் கோர்ட்டில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் அம்மா வீட்டு ஊரிலோ, வேலை பார்க்கும் ஊரிலோ போடலாம். வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு. போன் எண் 15100.

மனுவில் நடக்கும் தவறுகள்

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பல மனுக்கள் பலவீனமாவது இங்கேதான். ‘திருமணமான நாள் முதல் உடல் ரீதியாகவும் மன ரீதியாகவும் கொடுமைப்படுத்தினார்’ என்று ஒரே வரியில் எழுதினால் நீதிபதிக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இருக்காது. எந்த நாள், எந்த இடம், எதனால் அடித்தார், என்ன வார்த்தை சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எழுத வேண்டும். தேதி சரியாக ஞாபகமில்லையா? ‘பிள்ளைக்கு அரைப் பரீட்சை நடந்த வாரம்’ என்று எழுதினாலும் போதும். தெரியாத தேதியை இட்டுக்கட்டி எழுதிவிட்டால் குறுக்கு விசாரணையில் அதை வைத்தே மடக்குவார்கள்.

அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மாமியாரோ கணவனோ கூடவே நிற்பார்கள். டாக்டர் கேட்டால் ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்’ என்று சொல்லத்தான் வாய் வரும். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறிவிட்டால், பிறகு அதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்வது மிகவும் கஷ்டம். தனியாகப் பேச வேண்டும் என்று டாக்டரிடமோ நர்ஸிடமோ கேளுங்கள். முடிந்தால் அரசு மருத்துவமனைக்கே போய், யார் அடித்தார் என்பதைச் சொல்லி, அந்தப் பதிவேட்டின் நகலை (ஏ.ஆர். காப்பி) கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப் மிரட்டல்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுப் பழைய போனை விற்றுவிடாதீர்கள். மூல மெசேஜ் அந்தப் போனில் இருக்க வேண்டும். பிரிண்ட் எடுத்துத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின்படி, மின்னணு ஆதாரத்துக்கான 63-வது பிரிவுச் சான்றும் வேண்டும், வக்கீலிடம் நினைவுபடுத்துங்கள்.

ஆதாரம் எதுவுமே இல்லையே என்று மனுவே போடாமல் இருப்பதும் தவறுதான். நான்கு சுவருக்குள் நடப்பதற்கு யார் சாட்சி வருவார்கள்? உங்கள் பிரமாண வாக்குமூலத்தை வைத்தே, மறுதரப்பைக் கேட்காமல்கூட, இடைக்கால உத்தரவு போட குடும்ப வன்முறைச் சட்டத்தின் 23-வது பிரிவு இடம் தருகிறது. ஆனால் அதைக் கேட்க வேண்டும். பிரதான மனுவை மட்டும் போட்டு இடைக்கால மனுவை விட்டுவிட்டால், வாய்தா வாய்தாவாக மாதக்கணக்கில் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இருக்க நேரிடும். முதல் வாய்தாவிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அப்படி முடிவது அபூர்வம்.

‘தக்க பாதுகாப்பு வழங்க வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அலுவலகத்துக்கு வரக் கூடாது, பிள்ளையின் பள்ளிக்குப் போகக் கூடாது, போனிலோ ஆள் மூலமாகவோ தொடர்புகொள்ளக் கூடாது, அடைக்கலம் தந்த என் தம்பியை மிரட்டக் கூடாது, ஜாயின்ட் லாக்கரைத் தொடக் கூடாது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். நகை, சர்ட்டிபிகேட், ரேஷன் கார்டு திரும்ப வேண்டும் என்றால் அதையும் பட்டியல் போட்டுக் கேளுங்கள்.

‘வீடு மாமனார் பேரில் இருக்கிறது, வெளியே போ’ என்று சொன்னால் உடனே பெட்டியைக் கட்டிவிட வேண்டாம். கணவனின் உறவினர் பேரில் உள்ள வீடும் நீங்கள் குடும்பமாக வாழ்ந்த வீடாக இருக்கலாம் என்று 2020-ல் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது குடியிருக்கும் உரிமை மட்டும்தான், சொத்தில் பங்கு அல்ல. சில நேரம் கோர்ட் வேறு வீடோ வாடகையோ தரச் சொல்லும். மாமியாரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம், ஆனால் பெண் என்பதால் அவரை வீட்டை விட்டு வெளியேறச் சொல்லி உத்தரவிட முடியாது.

கோபத்தில் பெங்களூரில் இருக்கும் நாத்தனாரிலிருந்து துபாயில் இருக்கும் கொழுந்தன் வரை எல்லோரையும் சேர்ப்பவர்கள் உண்டு. ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ் சேர வேண்டும், வழக்கு அங்கேயே நின்றுவிடும். உண்மையில் கொடுமை செய்தவர்களை மட்டும் சேர்த்தால் போதும்.

ஜீவனாம்சப் பணம் கேட்கும்போது இரண்டு தரப்பும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும். இது 2020-ல் ரஜ்னேஷ் வழக்கில் வந்த உத்தரவு. டியூஷனோ தையலோ செய்து வரும் சின்ன வருமானத்தையும் மறைக்க வேண்டாம். மறைத்தது வெளியே வந்தால் நீங்கள் சொன்ன மற்றதையும் சந்தேகிப்பார்கள்.

உத்தரவு கையில் வந்த பிறகு

காப்பி இலவசம். ஒன்றைக் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள், இன்னொன்றைப் பிள்ளையின் பள்ளியில் கொடுங்கள். மீறினால் அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். போலீஸ் வாங்க மறுத்தால் பாதுகாப்பு அலுவலரிடமோ நேராக நடுவரிடமோ கொடுக்கலாம். உத்தரவு எதிர்மனுதாரரைத்தான் கட்டுப்படுத்துகிறது என்றாலும், நீங்களே இரவில் போன் செய்து பேசினால் அந்தக் கால் லிஸ்ட் கோர்ட்டுக்கு வந்து சேரும். அவர் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றால் எந்த நாள், எங்கே என்பதை உத்தரவிலேயே எழுதச் சொல்லுங்கள். மாதப் பணம் தராவிட்டால் அதை வசூலிக்கத் தனி மனு வேண்டியிருக்கும். மாதச் சம்பளக்காரர் பணம் தராமல் விட்டால், அவருடைய நிறுவனத்தில் பிடித்தம் செய்து நேரடியாகக் கொடுக்கச் சொல்லியும் கேட்கலாம். உத்தரவு திருப்தியாக இல்லையென்றால் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீலுக்கு 30 நாள்தான் கெடு.

அப்புறம் பெரியவர்கள் சமரசம் பேச வருவார்கள். சேர்ந்து வாழ உங்களுக்கே விருப்பம் இருந்தால் அது உங்கள் முடிவு. ஆனால் ‘கேஸை வாபஸ் வாங்கு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். நிபந்தனைகளை எழுதி, கோர்ட்டில் பதிவு செய்யச் சொல்லி, பாதுகாப்பு உத்தரவை அப்படியே விட்டுவைத்துப் போய்ப் பாருங்கள். அதை ரத்து செய்யச் சொல்லி நீங்கள் மனு போடும் வரை அது நடைமுறையில் இருக்கும். நிலைமை மாறிவிட்டது என்று நிரூபித்து அவரும் மாற்றக் கேட்கலாம், ஆனால் அதற்கு அவர் நடுவரைத் திருப்திப்படுத்தியாக வேண்டும்.