நோயாளிகளுக்காகக் குரல் கொடுக்க விரும்பும் மருத்துவருக்கு

பொது மருத்துவமனையில் பணிபுரியும் மருத்துவர் எவரும், தம் நோயாளிக்குத் தேவையான ஒன்றைத் தம்மால் தர இயலாமல் போன நாளை மறந்திருக்க மாட்டார். நோய் இன்னதென்று தெரியும், மருத்துவம் தெரியும், செய்யும் திறனும் கையில் இருக்கிறது. ஆனால் படுக்கை காலியில்லை, அல்லது கருவி பழுதாகி மாதக்கணக்கில் மூலையில் கிடக்கிறது, அல்லது இரவுப் பணியில் இருக்க வேண்டிய செவிலியர்களில் பாதிப் பேர்கூட இல்லை. அந்த வேதனையை ஓய்வறையில் சக மருத்துவரிடம் கொட்டித் தீர்ப்பது இயல்பு. ஆனால் அங்கே கொட்டியது அங்கேயே நின்றுவிடுகிறது. அதை முடிவெடுப்பவரின் மேசை வரை கொண்டுசெல்வதற்கு ஒரு முறை உண்டு. படிக்கும் காலத்தில் அதை நமக்கு யாரும் கற்றுத் தருவதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஒரு குறையைத் தேர்ந்தெடுங்கள். ஆள் போதவில்லை, மருந்து போதவில்லை, இடம் போதவில்லை என்று ஒரே மூச்சில் சொன்னால், கேட்கும் அதிகாரி மூன்றையும் ஒப்புக்கொள்வார். எதையும் செய்ய மாட்டார். அந்தக் குறையால் நோயாளிக்கு நேரடியாகத் தீங்கு நேர்கிறதா, அதை எண்ணிக் காட்ட முடியுமா, அதைச் சரிசெய்யும் அதிகாரம் யாராவது ஒருவரிடமோ ஒரு குழுவிடமோ இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் 'ஆம்' என்று விடை வரும் குறையிலிருந்து தொடங்க வேண்டும், உங்களை மிகவும் கொதிக்க வைக்கும் குறை அதுவாக இல்லாவிட்டாலும்.

அடுத்து எண்ண வேண்டும். இந்த வேலையில் முக்கால் பங்கு இதுதான் என்பது என் உறுதியான கருத்து. இடுப்பெலும்பு முறிந்து வரும் முதியவர்கள் அறுவைச் சிகிச்சைக்காக நெடுநேரம் காத்திருப்பது உங்கள் கவலை என்று வைத்துக்கொள்வோம். காத்திருப்பு எந்த நிமிடத்தில் தொடங்குகிறது? அவசரப் பிரிவுக்குள் வந்தபோதா, வார்டில் சேர்க்கப்பட்டபோதா? இதை எண்ணத் தொடங்குவதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். பாதி வழியில் வரையறையை மாற்றினால் முழுக் கணக்கும் வீணாகும். நெடுநேரம் காத்திருந்தவர்களை மட்டுமல்லாமல், அந்தக் காலத்தில் வந்த எல்லோரையும், உடனே சிகிச்சை பெற்றவர்களையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். நோயாளியின் பெயர் தேவையில்லை. உங்கள் மருத்துவமனை விதிகள் அனுமதி பெறச் சொன்னால் முதலிலேயே பெற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே தாமதத்தின் காரணத்துக்கு ஒரு கட்டம் வையுங்கள்: மயக்க மருத்துவர் இல்லை, அறுவை அரங்கு கிடைக்கவில்லை, இரத்தம் வரவில்லை, பரிசோதனை முடிவு வரவில்லை. சில வாரங்களில் அந்தக் காரணக் கட்டம் உங்களுக்கே வியப்பைத் தரக்கூடும். இன்னொரு அறுவை அரங்கு வேண்டும் என்று கேட்க நினைத்திருந்தவர், இருக்கும் அரங்கு பிற்பகலில் ஆளில்லாமல் பூட்டிக் கிடப்பதே பெரும்பாலான தாமதங்களுக்குக் காரணம் என்று கண்டுகொள்ளலாம். அப்போது கோரிக்கையே மாறிவிடுகிறது, செலவும் குறைகிறது.

கணக்கின் வலிமைக்கு அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்தை நினைத்துப் பார்க்கலாம். 2014 ஏப்ரலில் அந்நகரின் குடிநீர் ஆதாரம் மாற்றப்பட்டது; புதிய நீர் பழைய குழாய்களை அரித்ததால் அவற்றின் ஈயம் குடிநீரில் கலந்தது. குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, தம் மருத்துவமனையில் ஏற்கெனவே செய்யப்பட்டிருந்த இரத்தப் பரிசோதனை முடிவுகளை மாற்றத்துக்கு முன், பின் என்று பிரித்து ஒப்பிட்டார். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில், ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருந்தவர்களின் பங்கு 2.4 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமாக உயர்ந்திருந்தது. 2015 செப்டம்பர் 24 அன்று அவர் தம் முதற்கட்டக் கணக்கை வெளியிட்டபோது மாநில அதிகாரிகள் மறுத்தார்கள். சில நாட்களிலேயே தங்கள் சொந்தத் தரவும் அதையே காட்டுவதாக ஒப்புக்கொண்டார்கள். அக்டோபரில் நகரம் பழைய ஆதாரத்துக்குத் திரும்பியது. மறுத்தவர்கள் தாங்களே சரிபார்த்துக்கொள்ளும்படி கணக்கு அமைந்திருந்ததால்தான் அந்த மறுப்பு நீடிக்கவில்லை. உங்கள் கணக்கும் அப்படிப் பிறர் திரும்பப் போட்டுப் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும்.

எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1847-ஆம் ஆண்டு வியன்னாவில் மகப்பேறு மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ், பிரசவ வார்டுக்குள் நுழையும் மருத்துவர்களையும் மாணவர்களையும் குளோரின் கலந்த கரைசலில் கை கழுவச் செய்தார். ஏப்ரலில் 18 சதவீதத்தைத் தொட்டிருந்த தாய்மார் இறப்பு, ஜூனில் ஏறத்தாழ 2 சதவீதமாகக் குறைந்தது. அவ்வளவு தெளிவான கணக்கைக் கையில் வைத்திருந்தும், அவர் அதை முழு நூலாக எழுதி வெளியிட்டது 1861-இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் அவருடைய கருத்து பெரும்பாலும் பிறர் வாய்வழியாகவும், பல நேரங்களில் திரிந்தும் பரவியது. எண்ணியதை உடனே, தெளிவாக, உங்கள் கைப்பட எழுதுங்கள்.

படுக்கைகளைப் பற்றிப் பேசும்போது ஒரு கணக்கை மனத்தில் வைத்திருப்பது பயன்தரும். 'இன்னும் பத்து சதவீதம் இடம் இருக்கிறதே' என்ற பதிலை நீங்கள் கட்டாயம் சந்திப்பீர்கள். ஒழுங்கற்ற இடைவெளியில் ஆட்கள் வரும் எந்த வரிசையிலும், பயன்பாடு நூறு சதவீதத்தை நெருங்க நெருங்கக் காத்திருப்பு சீராகக் கூடுவதில்லை, தாவி ஏறுகிறது. மிக எளிய, ஒரே சேவை முனையம் கொண்ட வரிசையில், பயன்பாடு 80 சதவீதமாக இருக்கும்போது சராசரிக் காத்திருப்பு ஒரு சேவைக்கான நேரத்தைப் போல் 4 மடங்கு. 90 சதவீதத்தில் 9 மடங்கு. 95 சதவீதத்தில் 19 மடங்கு. மருத்துவமனை இவ்வளவு எளிய வரிசையல்ல என்றாலும் போக்கு இதுதான். எனவே காலியாக இருக்கும் சில படுக்கைகளை வீண் என்று கருதக் கூடாது என்பதையும், சில படுக்கைகள் கூடினாலே தாழ்வாரத்தில் கிடப்போரின் நிலை பெரிதும் மாறும் என்பதையும் உங்களால் விளக்க முடியும்.

உங்கள் பதிவேட்டில் வராதவர்களும் இருக்கிறார்கள். மருத்துவம் யாருக்கு மிகுதியாகத் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்பதை வேல்ஸில் பொது மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இல் 'தலைகீழ்ப் பராமரிப்பு விதி' என்று பெயரிட்டு எழுதினார். காத்திருந்து சலித்து, மருத்துவரைப் பார்க்காமலே திரும்பியவர்கள், ஒரு நாள் கூலியை இழக்க முடியாமல் மறுபரிசோதனைக்கு வராதவர்கள் எத்தனை பேர் என்று ஒரு வாரமாவது கணக்கெடுங்கள்.

நோயாளியின் கதையை எடுத்துச் சொல்வதில் மிகுந்த கவனம் வேண்டும். ஓர் எண்ணால் அசையாத மனம் ஒரு மனிதரின் கதையால் அசையும் என்பது உண்மை. அதனாலேயே அந்தக் கதையை எடுத்தாளும் ஆசையும் பெரிது. பெயரை மறைத்தால் போதும் என்று எண்ணாதீர்கள். வயது, நோய், வந்த நாள் ஆகிய மூன்றையும் சேர்த்தால் சிற்றூரில் அது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். சிகிச்சை முடியும் முன் ஒப்புதல் கேட்பதும் முறையன்று, ஏனெனில் தம் உயிர் உங்கள் கையில் இருக்கும்போது எந்த நோயாளியாலும் மனம் திறந்து மறுக்க இயலாது. சிகிச்சை முடிந்தபின், எங்கே, யார் முன்னிலையில் சொல்லப்போகிறீர்கள் என்பதை விளக்கி, எழுதியதைப் படித்துக் காட்டி, பின்னர் மறுக்கவும் உரிமை உண்டு என்று தெரிவித்துக் கேளுங்கள். இதைவிட மேலானது, விருப்பமுள்ள நோயாளிகளும் அவர்கள் குடும்பத்தாரும் அந்தக் கூட்டத்தில் தாங்களே அமர்ந்து பேசுவது. அவர்கள் முதன்மையாகக் கருதும் குறை, நீங்கள் தேர்ந்தெடுத்த குறையாக இல்லாமலும் போகலாம்; அதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

இனி மனு. ஒரு பக்கத்துக்கு மிகாமல் இருக்கட்டும். முதல் பத்தியிலேயே என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், பிறகு கணக்கு, பிறகு ஆகும் செலவு, செய்யாவிட்டால் நேரும் தீங்கு. உங்கள் உயர் அலுவலர் வழியாக அனுப்புங்கள், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கிப் பாதுகாத்து வையுங்கள், குறித்த நாளில் பதில் வராவிட்டால் நினைவூட்டுங்கள். நிதி ஒதுக்கீடு தேவைப்படும் கோரிக்கை, நிதிநிலை அறிக்கை தயாராகும் மாதங்களுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். அறிக்கை வெளியான பின் வரும் நியாயமான மனு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போகும்.

தனியாகக் கையெழுத்திடாதீர்கள். செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர், துப்புரவுப் பணியாளர் ஆகியோர் பார்த்தது உங்கள் கண்ணில் படாதது. அவர்கள் சேரும்போது கணக்கும் முழுமையாகும், பழிவாங்கலும் கடினமாகும். பணி நடத்தை விதிகளையும், தவறுகளை வெளிப்படுத்துவோருக்கான சட்டப் பாதுகாப்பையும் முன்கூட்டியே படித்து, உங்கள் சங்கத்தின் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உள்வழிகள் அனைத்தும் அடைபட்ட பின், எழுத்துச் சான்றோடு செய்தியாளரிடம் செல்வது வேறு. முதல் நாளே செல்வது வேறு. கட்டமைப்பின் குறையை ஒரு சக ஊழியரின் குறையாகச் சித்திரிக்காதீர்கள். உங்கள் பணி நேரமும் ஊதியமும் பற்றிய கோரிக்கை இருந்தால், அதை நோயாளி நலன் என்ற போர்வைக்குள் மறைக்காமல் தனியாக, வெளிப்படையாக வையுங்கள். களைத்த மருத்துவரால் நோயாளிக்குத் தீங்கு நேரும் என்பதைச் சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை; உலக மருத்துவச் சங்கம் 2017-இல் திருத்திய, மருத்துவர்களுக்கான ஜெனீவா உறுதிமொழியே, தம் உடல்நலத்தைப் பேணுவதை மருத்துவரின் கடமைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

கேட்டதில் பாதி கிடைத்தால் அதை எழுத்தில் பெற்று, நன்றி தெரிவித்து, எண்ணுவதைத் தொடருங்கள். 1848-இல் அன்றைய பிரஷ்யாவைச் சேர்ந்த மேல் சிலேசியாவின் டைபஸ் கொள்ளைநோயை ஆராய அனுப்பப்பட்ட ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்ஹோ, நோய்க்குக் காரணம் வறுமையும் கல்வியின்மையும் ஆட்சியின் புறக்கணிப்பும் என்று எழுதினார். மறு ஆண்டே பெர்லினில் இருந்த பணியை விட்டு விலக நேர்ந்தது. பிற்காலத்தில் அதே பெர்லினின் நகர மன்றத்தில் அமர்ந்து, கழிவுநீர்க் கால்வாய்கள் அமைய அவர் உழைத்தார். உங்களுக்கும் இடமாறுதல் வரும். ஆகவே வரையறை, பதிவேடு, மனுவின் நகல், வந்த பதில்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் வைத்து, அந்த வார்டில் தொடர்ந்து இருக்கப்போகும் ஒருவருக்கு இப்போதே அதைக் காட்டி, எண்ணும் முறையைக் கற்றுக்கொடுத்து விடுங்கள்.