முள்ளைத் தேடாமல் டியூபை மாற்றாதீர்கள்: நெடுந்தூர சைக்கிள் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக நெடுந்தூரம் மிதிக்க வருபவர்களோடு சேர்ந்து போகும்போதெல்லாம் ஒரே தவறுகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. என் வயதுக்காரர்கள் எல்லோரும் ஆரம்பத்தில் செய்தவைதான். ஹெல்மெட் போடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் தெரிந்த விஷயம், அதை விட்டுவிடுகிறேன். கடை கண்ணி இல்லாத கிராமத்துச் சாலையில் நாள் முழுக்க ஓட்டும்போதுதான் சில தவறுகளின் வலி தெரியும். அவற்றை மட்டும் சொல்கிறேன்.

தூரத்தை வேகத்தால் வகுப்பது

"100 கிலோமீட்டர், மணிக்கு 20, அப்படியென்றால் 5 மணி நேரம். மதியத்துக்குள் போய்விடலாம்" என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த 20 என்பது சுமையில்லாத சைக்கிளில், நல்ல தார் ரோட்டில், கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்த வேகம். கேரியரில் 15 கிலோ ஏறி, ஜல்லி பெயர்ந்த ரோடும் எதிர்காற்றும் சேர்ந்தால் 15-ஐ எட்டுவதே பெரிய பாடு. நிற்கிற நேரம் தனி: சாப்பிட, தண்ணீர் பிடிக்க, வழி கேட்க, சும்மா ஒரு மரத்தடியில் உட்கார. 100 கிலோமீட்டர் என்றால் காலையிலிருந்து சாயங்காலம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏற ஏறப் பெரும்பாலும் காற்றும் வலுக்கும். கடினமான பகுதியை முதலிலேயே முடித்துவிடுவது நல்லது.

காலை வேகம்

காலைக் குளிர்ச்சியில் கால் தானாக ஓடும். அதை நம்பக்கூடாது. 20 கிலோமீட்டர் வேகத்தை 25 ஆக்கினால், காற்றைக் கிழிப்பதற்கு மட்டுமே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சக்தி போகும். தசையிலும் கல்லீரலிலும் இருக்கும் கிளைகோஜன் என்கிற மாவுச்சத்துச் சேமிப்பு சில மணி நேரத்துக்குத்தான் வரும். அது தீர்ந்தால் தலை சுற்றும், கால் பெடலை அழுத்தவே மறுக்கும். பசித்த பிறகு சாப்பிடலாம் என்றிருந்தால் அதற்குள் காரியம் கெட்டிருக்கும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்கட்டும். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டு வர முடிகிற வேகம் போதும்.

முள்ளைத் தேடாமல் டியூபை மாற்றுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். ஏனென்றால் இதில் போவது ஒரு டியூப் இல்லை, அந்த நாளே போய்விடும்.

ஒரு பயணத்தில் கூட வந்த பையனுக்கு மதியத்துக்கு மேல் பின்சக்கரத்தில் பஞ்சர். பைகளை இறக்கினான், சக்கரத்தைக் கழற்றினான், புது டியூபைப் போட்டுக் காற்றடித்து, எவ்வளவு சீக்கிரம் முடித்தேன் பாருங்கள் என்பதுபோலச் சிரித்தான். "தம்பி, டயருக்குள் பார்த்தாயா?" என்று கேட்டேன். "தடவிப் பார்த்தேன் அண்ணா, ஒன்றும் இல்லை" என்றான். அரை கிலோமீட்டர்கூடப் போகவில்லை, மறுபடியும் சக்கரம் தரையில் உட்கார்ந்துவிட்டது. கையிருப்பில் இருந்த கடைசி டியூபையும் அதே அவசரத்தில் போட்டான். அதுவும் போனது. அதற்குப் பிறகுதான் டயரைக் கையில் வாங்கி, அங்குலம் அங்குலமாக உட்புறத்தை வெளியே மடித்துப் பார்த்தோம். தலைமுடி கனத்தில் ஒரு எஃகுக் கம்பி, நுனி மட்டும் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. லாரி டயர் வெடித்துச் சிதறும் இடங்களில் ரோட்டோரம் இந்தக் கம்பிகள் கொட்டிக் கிடக்கும். ஆள் ஏறி உட்கார்ந்து எடை அழுத்தும்போதுதான் அவற்றில் பல உள்ளே நீளும். வெறுமனே தடவினால் விரலில் தட்டாது. மூன்று டியூபையும் ஒட்டி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

செய்ய வேண்டியது இதுதான். டியூபை முழுக்க உருவுவதற்கு முன், வால்வு டயரில் எங்கே இருந்தது, டியூபின் எந்தப் பக்கம் உங்களைப் பார்த்திருந்தது என்று மனதில் வையுங்கள். டயரை மாட்டும்போதே அதன் பெயர் எழுதிய இடத்தை வால்வுக்கு நேராக வைத்துவிட்டால் இது இன்னும் சுலபம். டியூபில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். சத்தம் கேட்காவிட்டால் உதட்டருகே பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள், காற்று படும். பிறகு டியூபை டயர்மேல் வைத்துப் பார்த்தால் முள் எந்த இடத்தில் என்று தெரிந்துவிடும். அங்கே டயரை மடித்து, வெளியிலும் உள்ளேயும் பாருங்கள்.

ஓட்டையே பாதி கதையைச் சொல்லிவிடும். தரைப் பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் முள், கம்பி, கண்ணாடிச் சில்லு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்று குறைவாக இருந்து, குழியில் விழுந்தபோது ரிம்மில் அடிபட்டிருக்கிறது. டயரில் ஒன்றும் கிடைக்காது, காற்றைச் சரியாக அடியுங்கள். ரிம் பக்கம் ஓட்டை இருந்தால், ஸ்போக்ஸ் துளைகளை மூடியிருக்கும் ரிம் டேப் விலகி ஸ்போக்ஸ் துளையின் விளிம்பு குத்தியிருக்கும். டேப்பைச் சரிசெய்யாமல் எத்தனை டியூப் போட்டாலும் வீண். ஒட்டும்போது, சொல்யூஷன் பளபளப்பு போய் உலரும்வரை காத்திருந்து பேட்சை வையுங்கள். ஈரத்தில் ஒட்டினால் பேட்ச் கழன்று வந்துவிடும்.

மேட்டில் கனமான கியர்

முட்டி போய்விடும். மேடு தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள், கால் லேசாகச் சுழலட்டும்.

பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை

போடக்கூடாது. தையல் உரசித் தோல் உரியும்.

புது சீட்

பயணத்துக்கு முந்தின நாள் மாற்றாதீர்கள்.

துரத்தும் நாயோடு போட்டி போடுவது

மேடாக இருந்தால் நாய்தான் ஜெயிக்கும். பெரும்பாலான நாய்கள் ஓடுகிற பொருளைத்தான் துரத்துகின்றன. வேகத்தைக் குறைத்து இறங்கி, உங்களுக்கும் அதற்கும் நடுவில் சைக்கிளை வைத்துக்கொண்டு, அதன் எல்லை தாண்டும்வரை நடந்து போங்கள்.

இருட்டிய பிறகு தங்குமிடம் தேடுவது

வெளிச்சம் இருக்கும்போதே விசாரியுங்கள். 20 கிலோமீட்டர் பாக்கி இருந்தாலும் சரி, மீதியை மறுநாள் காலையில் ஓட்டிக்கொள்ளலாம்.